தொண்ணூற்று மூன்றுக்குள் ஒரு நூறு

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை, மூன்றாம் தரம். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஆசிரியை சொல்வதில் பாதிதான் பின்வாங்குக்கு வந்து சேரும். அந்தப் பின்வாங்கில்தான் நான், முழங்கால் மேசையில் இடிக்க, மேற்பார்வைப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கட்டுறு பயில்வுக்கு, அதாவது ஆசிரியர் பயிற்சியில் வகுப்பெடுத்துப் பழக, வந்திருந்த பயிலுனர் எண்களைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் கொப்பியில் இலக்கத்தில் எழுத வேண்டும். நாற்பத்தாறு. எழுபத்திரண்டு. தொண்ணூற்று மூன்று. என் பக்கத்துப் பையன் 46 எழுதினான். 72 எழுதினான். பென்சிலின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கடித்துவிட்டு 103 என்று எழுதினான்.

ஆசிரியை வந்தாள், பிழை போட்டாள், பக்கத்தில் 93 எழுதி "பத்துத் தரம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். பையன் அடக்கமாக எழுத ஆரம்பித்தான். நான் குனிந்து, "ஏன் தம்பி, மொதல்ல அப்படி எழுதுனீங்க?" என்று கேட்டேன். இந்தக் கிழவிக்குக் காது கேட்காதோ என்பதுபோல் பார்த்தான்.

"டீச்சர்தானே நூத்தி மூணுன்னு சொன்னாங்க."

முன்பாதியை மழை விழுங்கிவிட்டது. ஆனால் மழை இல்லாத நாளிலும் அந்தச் சொல்லுக்குள் நூறு இருக்கத்தான் செய்கிறது. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை ஒழுங்காகப் 'பது' போட்டு வந்த தமிழ், அதற்கடுத்த படியில் பக்கத்து வீட்டுக்குப் போய் நூறைக் கடன் வாங்கித் தொண்ணூறு என்கிறது. தொள்ளாயிரத்துக்கு ஆயிரத்தைக் கடன் வாங்குகிறது. போதாக்குறைக்கு, 'பது' என்று முடிகிற ஒன்பது பத்தைக்கூட எட்டாத எண். இன்னொரு வகுப்பில் எண்பத்தொன்பதுக்கு அடுத்தது என்ன என்று கேட்டபோது ஒரு சின்னப் பெண் "ஒம்பப்பது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தமிழ் எங்கே ஒழுங்கு தவறியதோ சரியாக அந்த இடத்தில் அவள் ஒழுங்காக யோசித்திருக்கிறாள்.

சிங்களத்தில் அது அனூவ. ஆங்கிலத்தில் நைன்ட்டி. இரண்டிலும் நூறு ஒளிந்திருக்கவில்லை. இந்த மூன்று மொழியில் இது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் வைத்த பொறி.

படிவத்தில் 'மொழிப் பயன்பாடு' என்று ஒரு கட்டம் இருந்தது. 5க்கு 4 போட்டேன். அவளுடைய உச்சரிப்பு நன்றாக இருந்ததே!

இடைவேளையில் பிளேன்டீ குடிக்கும்போது அவளுடைய கைந்நூலைப் புரட்டினேன். ஏதோ பயிலரங்கில் கொடுத்தது, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. எண்கள் பகுதியில் ஒரு வரிக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தாள்: பிள்ளைகள் 13ஐயும் 30ஐயும் குழப்பிக்கொள்வார்கள், கவனம் தேவை. தேர்ட்டீன், தேர்ட்டி என்று எண்ணுகிற பிள்ளை குழம்பும், நியாயம். பதின்மூன்றையும் முப்பதையும் எந்தத் தமிழ்ப் பிள்ளை குழப்பியது? நம் பிள்ளை விழுகிற இடத்தில் அந்தப் புத்தகம் வாயே திறக்கவில்லை.

இதை இங்கே எழுதக் காரணம், போன மாதம் ஒரு கூட்டத்தில் 'இருமொழி ஆசிரியர்களைக் கணிதத்துக்குத் தயார்படுத்தல்' என்று ஒரு மணிநேரம் பேசினோம். அந்த ஒரு மணிநேரமும் பேச்சு ஆங்கிலத்தைச் சுற்றியே வந்தது. ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் வசதி சில பாடசாலைகளில் இருக்கிறது, பெற்றோருக்கும் அதில் ஆசை, அதனால் ஆரம்பப் பிரிவு ஆசிரியரும் ஆங்கிலக் கலைச்சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது வாதம். தெரிந்துகொள்ளட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பத்தனையிலோ கொட்டகலையிலோ உள்ள ஆசிரியர் கல்லூரியில் பயின்றுவிட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளையின் வாயில் இரண்டு மொழியா இருக்கிறது? என் கணக்கில் நாலு. தோட்டத்து லயன் வீடுகளில் பேசுகிற லயத்துத் தமிழ், புத்தகத் தமிழ், சிங்களம், ஆங்கிலம். இந்த நாலில் மூன்றுக்குப் பாடநூல் உண்டு. முதலாவதுக்கு வெட்கம் மட்டும்தான் உண்டு.

வெட்கத்தைப் பற்றி எனக்குத் தெரியும். நான் முதலில் படித்தது ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, ஐந்துக்கும் ஒரே வாத்தியார் என்றிருந்த தோட்டப் பள்ளிக்கூடம். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றுக்கொண்டிருந்த 1970களின் கடைசியில், அப்பா என்னை டவுன் பாடசாலை ஒன்றில் சேர்த்தார். நாலாம் வகுப்பு. பின்னம். காலில் பாதி எவ்வளவு என்று ஆசிரியர் கேட்டார். நான் எழுந்து "சேர், அரைக்கால்" என்றேன்.

வகுப்பே கால்களை உயர்த்திக் காட்டிச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "அப்படி ஒரு எண் கிடையாது. எட்டில் ஒன்று என்று சொல்லணும்" என்றார். தோட்டத்திலிருந்து வந்தது என்று அடைப்புக்குறிபோல ஏதோ சேர்த்தும் சொன்னார். அதை அப்படியே எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை.

அரைக்கால் என் அப்பாயியின் சொல். தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கத்திலிருந்து சிறுபிள்ளையாக வந்தவர், கையெழுத்துக்கூடத் தெரியாது. அரைக்கால் றாத்தல் தேயிலைத்தூள் என்பார், மாகாணி என்பார். அந்தச் சொற்களுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தபோது நாற்பது வயது கடந்துவிட்டது. காலில் அரை, அரைக்கால்: 1/2 × 1/4 = 1/8. பின்னப் பெருக்கல் ஒரு சொல்லாகவே நிற்கிறது. மாகாணி அதைவிட அழகு. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதுதான் மாகாணி. பகுதியெண்ணைச் சமப்படுத்திக் கூட்டுவதை ஐந்தாம் தரத்துக்கு மேலே மூச்சுமுட்டக் கற்பிக்கிறோம். அப்பாயி அதை வெற்றிலையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தார். அந்த வருடம் முழுக்க நான் கணிதபாடத்தில் வாயைத் திறக்கவில்லை. அப்பாயியிடமும் அந்தச் சொல்லைச் சொல்லாதீங்க என்று சண்டை பிடித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது வருகிற பயிலுனர்களில் பெரும்பாலானோர் லயத்துப் பிள்ளைகளே. விடுதியில் "ஏய் புள்ள, அந்த வாளிய எடு" என்று கூப்பிடுகிறவள், வகுப்பு வாசலைத் தாண்டியதும் "பிள்ளைகளே, உங்கள் கொப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். குரலே மாறிவிடுகிறது. நல்ல தமிழ் பேசுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பிள்ளை தன் வீட்டுச் சொல்லில் கணக்குச் சொல்லும்போது அது அவள் காதில் விழுவதில்லை. விழாமல் இருக்கத்தான் அவளும் இத்தனை வருடம் பழகியிருக்கிறாள்.

பெருக்கல் பாடம் ஒன்றில் பார்த்தேன். தரையில் போத்தல் மூடிகளை நாலு நிரை, ஆறு நிரல் என்று அடுக்கிவிட்டு, நிரை என்றால் என்ன என்று ஒரு பயிலுனர் பத்து நிமிடம் விளக்கினான். இடமிருந்து வலமாக, கிடையாக, கையை நீட்டி, ஆட்டி. அந்த வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் அந்த நேரத்தில் மலையில் தேயிலை வரிசைகளில் நெரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய அம்மாவும் அப்படித்தான். பாடம் முடிந்தபிறகு "நெரை தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டேன். "அது வேற மெடம், இது கணிதம்" என்றான். கொஞ்சம் கழித்து அவனே தலையைச் சொறிந்துகொண்டு, "வேறயா?" என்றான்.

பின்னத்தில் இன்னொரு சிக்கல், இது ஆங்கிலம் கலக்கும்போது வருவது. தமிழில் 2/3ஐ மூன்றில் இரண்டு என்கிறோம். முதலில் காதில் விழுவது மூன்று, அது கீழே போக வேண்டும். மேலிருந்து எழுதிப் பழகிய பிள்ளை மூன்றை மேலே போட்டுவிடும். அதற்காக நாங்கள் சொல்லிக்கொடுப்பது: முதலில் கோட்டைப் போடு, முதலில் கேட்டதைக் கோட்டுக்குக் கீழே எழுது. சிங்களத்திலும் துனென் தெக, இதே வரிசைதான். ஆங்கிலத்திலோ டூ தேர்ட்ஸ், தலைகீழ். இராகலையிலிருந்து வந்த ஒரு பயிலுனர் (இனி இராகலைக்காரி) ஆறாம் தரத்தில் ஆங்கில மொழிமூலம் போனவள். முதல் தவணையில் பின்னக் கணக்கு அத்தனையும் தலைகீழாக எழுதி 100க்கு 22 வாங்கியிருக்கிறாள். "கணக்கு வராதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டாங்க மெடம். எனக்கு வராம இருந்தது கணக்கே இல்ல, எத மொதல்ல எழுதுறதுங்கிறதுதான்." அவள் கொண்டுவந்த வழி எளிது. ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து மூன்று பங்காக்கி, இரண்டுக்கு நிறம் தீட்டி, அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மொழியிலும் மாறி மாறிச் சொல்லவைக்கிறாள். சொல் எந்த வரிசையில் வந்தாலும் காகிதம் மாறாது.

சிங்களத்தைப் பற்றியும் ஒன்று. ஹட்டன் டவுன் ஓரத்துப் பாடசாலையில் ஒரு பிள்ளை கூட்டல் செய்யும்போது முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வேறொருவர் என்றால் "சத்தம் போடாதே" என்றிருப்பார். அன்று வகுப்பில் நின்ற பயிலுனருக்கு நல்ல சிங்களம். குனிந்து கேட்டிருக்கிறார்: "தஹதுனய் ஹதய் விஸ்ஸய்." பதின்மூன்றும் ஏழும் இருபது. வீட்டுக்குப் பக்கத்தில் மாமாவின் கடை, பிள்ளை காசு எண்ணப் பழகியது அங்கே. எண்ணுவது சிங்களத்தில், எழுதுவது தமிழில், விடை சரி. அவர் அதைத் தடுக்கவில்லை, "இப்ப அதையே தமிழ்ல இவங்களுக்கும் சொல்லுங்க" என்றார். இந்த மாதிரி ஒரு காது இருந்தால் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்கணக்கு என்றதும் பிரேசில் ஞாபகம் வருகிறது. ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற 5 பிள்ளைகளை வைத்து டெரெசினா கராஹரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. விற்கிற இடத்தில் கேட்டபோது ஏறக்குறைய 98 வீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே எண்களை வெறும் கணக்காகக் கடதாசியில் கொடுத்தபோது 37 வீதம்தான் சரியாகச் செய்தார்கள். பயிலுனர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் "எங்க தம்பியும் அப்படித்தான்" என்பார். பாண் கடையில் மிச்சக்காசை ஒரு ரூபா பிசகாமல் வாங்கிவருகிற பையன், கொப்பியில் 500 − 385க்கு 285 எழுதுகிறான்.

ஆனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒரேயடியாக அந்தப் பக்கம் சாய்கிறவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. வீட்டுத் தமிழே போதும் என்று விட்டுவிட்டால், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வினாத்தாள் வீட்டுத் தமிழில் வராது. சாதாரண தரக் கணிதம் வராது. வீட்டில் கால், அரை, முக்கால் பேசுகிற பிள்ளையை 'நான்கில் மூன்று' வரை கைபிடித்துக் கூட்டிப்போவதும் ஆசிரியரின் வேலைதான். தென்னாப்பிரிக்காவில் பலமொழி வகுப்புகளை ஆராய்ந்த ஜில் அட்லர் இந்த இடறலைச் சரியாகப் பிடித்திருந்தார்: சொல்லை விளக்க நின்றால் கணிதம் நழுவுகிறது, நிற்காவிட்டால் பிள்ளை நழுவுகிறது. எவ்வளவு நேரம் நிற்பது என்பதற்கு அட்டவணை எதுவும் என்னிடம் இல்லை. நிரைக்குப் பத்து நிமிடம் அதிகம், தொண்ணூறுக்கு ஒரு முழுப் பாடவேளை கொடுக்கலாம், அவ்வளவுதான் சொல்வேன்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் பயிலுனர்களிடம், பிள்ளைகளின் வீட்டுப் பக்கம் போய் அங்கே நடக்கிற கணக்கைப் பார்த்து வந்து வினாவாக்குங்கள் என்றேன். ஒரு வாரத்தில் இருபத்தெட்டுப் பேரும் கொழுந்துக் கணக்கோடு வந்தார்கள். கூடை, கிலோ, கூடை, கிலோ. ஒரு வகுப்பில் பயிலுனர் ஒருவர் அந்த வினாக்களைக் கொடுத்தபோது ஒரு பையன் பேனையை வைத்துவிட்டான். "எங்கம்மா கொழுந்தெடுக்கல சேர். சவுதியில இருக்காங்க." அப்பா கொழும்பில் கடையில், அக்கா காமென்ட்ஸில், பிள்ளை தாத்தாவோடு. அவன் செய்யும் கணக்கு வேறு: அங்கே இப்போது என்ன நேரம், அம்மா எப்போது பேசுவா. தோட்டத்துப் பிள்ளை என்றால் தேயிலை என்று நாங்களே ஒரு படத்தை மாட்டிவிட்டோம். அதற்குப் பிறகு 'முதலில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்' என்று வரிசையை மாற்றினேன்.

இராகலைக்காரி கேட்டுவிட்டுத்தான் எழுதினாள். அவளுக்குக் கிடைத்த நாலாம் தரத்தில் அநேகமாக எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் மலையில். அந்தியில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பார்த்து, இப்படி ஒரு வினா செய்தாள்:

அம்மா காலையில் 8 கிலோ, பகல் 7 கிலோ, அந்திக்கு 9 கிலோ எடுத்தார். ஒவ்வொரு நிறுவையிலும் 1 கிலோ கழிவு. நாளுக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். அம்மாவுக்கு மேல்கிலோ எத்தனை?

பேர் என்றால் நாள் சம்பளம், மேல்கிலோ என்றால் அந்த 18க்கு மேல் எடுத்தது. கழிவு என்ற சொல்லைக் கவனித்தீர்களா? மேல்வகுப்புப் பாடநூலில் கழிவு என்றால் கடைக்காரர் விலையில் குறைத்துத் தருவது, வாங்குகிறவருக்கு லாபம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கழிவு என்றால் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று எடையில் வெட்டுவது. ஒரே சொல், காசு போகும் திசைதான் வேறு.

நான் பின்வாங்கில் இருந்தேன். கணக்கு வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வழக்கமாகக் கரும்பலகையைப் பார்க்காத மூலையெல்லாம் கையைத் தூக்கியது. 24, அதில் 3 போனால் 21, மேல்கிலோ 3. ஒருத்தி எழுதாமலே சொன்னாள். "பதினேழு எடுத்தா அரைப்பேர் டீச்சர்" என்று கேட்காததையும் ஒருவன் சொன்னான். பிறகு முன்வரிசையில், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை எழுந்தது.

"டீச்சர், சாக்கு ஒண்ணுதானே. ஏன் மூணு தடவ வெட்டுறாங்க?"

இராகலைக்காரி என்னைப் பார்த்தாள். நான் படிவத்தைப் பார்த்தேன். அதில் அதற்குக் கட்டம் இல்லை.

அவள் பயந்துகொண்டு நின்றுவிடவில்லை. அடுத்த நாள் கடையிலிருந்து ஒரு தராசைக் கேட்டு வாங்கி, சாக்கை உலர்த்தி ஒருமுறை, நனைத்து ஒருமுறை நிறுத்துக் காட்டியிருக்கிறாள். நனைந்த சாக்கு ஒரு கிலோவுக்கு வரவில்லை. பிள்ளைகள் கிராமில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் இலையில் ஏறுகிற தண்ணீர் எவ்வளவு என்று ஒருவன் கேட்க, அதை நாளைக்குப் பார்ப்போம் என்று மணி அடித்துவிட்டது.

நாளை வரவில்லை. அன்றைக்கு அந்தியிலேயே ஒரு தாய் வந்தார். சண்டைக்கு அல்ல, கெஞ்ச. "எங்க வீட்டுக் கணக்க பள்ளிக்கூடத்துல பேச வேணாம் டீச்சர். புள்ள போய் நிறுக்கிற எடத்துல கேட்டுட்டா, நாளைக்கு எனக்குத்தான் தொல்ல." இராகலைக்காரி எனக்கு ஃபோன் எடுத்து அழுதாள். நான் என்ன சொன்னேன் என்றால், ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாயின் பக்கம் நியாயம் இருந்தது, அந்தப் பிள்ளையின் பக்கமும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அடுத்த மேற்பார்வைக்குப் போனேன். கரும்பலகையில் மாம்பழம். ஒரு பெட்டியில் 8, இன்னொன்றில் 7, மற்றதில் 9, ஒவ்வொன்றிலும் ஒரு பழம் அழுகல். நல்ல வினாதான், பாடக்குறிப்பில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நான் மேசை மேசையாகப் போனேன். இரட்டைப் பின்னல் பிள்ளை நாலு கணக்கையும் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நாலும் சரி. கொப்பியை மூடி வைக்கப் போனபோது பின் அட்டை கண்ணில் பட்டது. பென்சிலால் கட்டம் போட்டிருந்தாள். திங்கள், செவ்வாய், புதன் என்று சனி வரை ஆறு வரி. ஒவ்வொரு நாளுக்கும் காலை, பகல், அந்தி. அதற்குப் பக்கத்தில் ஒரு நிரலுக்கு மட்டும் தலைப்பு, கழிவு. 3, 3, 3, 3, 3, 3. அடியில் கோடு போட்டு, 18 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"இது யார் சொல்லித் தந்தது?" என்றேன்.

"யாரும் இல்ல" என்று கொப்பியை இழுத்துக்கொண்டாள்.